ஊரைக் காட்டுகிறவர்கள்

மதுரையில் வழிகாட்டிக்குக் கோபுரம் இருக்கிறது. தஞ்சையில் பெரிய கோயில், மைசூரில் அரண்மனை. ஹம்பியில் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் வரலாறுதான். பெங்களூரில் ஊர் காட்டக் கிளம்புகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பேர் சொல்லும்படியான ஆறு இல்லை, கடல் இல்லை. விதான சௌதாவை நெடுங்காலம் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. திப்புவின் கோடை அரண்மனையை அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். சுற்றுலாப் பேருந்துகள் ஒரு பகல் நின்றுவிட்டு மைசூர்ச் சாலையைப் பிடிப்பது அதனால்தான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்த நகரத்தின் ஏதாவது ஒரு மூலையில் பத்து இருபது பேர் ஒருவர் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு கோயில் சுவரருகே குனிந்து நிற்கிறார்கள். பேருந்து நிலையத்தின் நடுவில் நின்று, அங்கே இல்லாத ஓர் ஏரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் இதே ஊரில் வாடகை கொடுத்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிறவர்கள். தாங்கள் குடியிருக்கும் ஊரைத் தங்களுக்கே காட்டச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

காட்டுகிறவர்களும் வழிகாட்டித் தொழிலுக்கென்று வந்தவர்கள் அல்லர். பறவை பார்ப்பதில் பைத்தியமான விஞ்ஞானி, கல்வெட்டு தேடி அலையும் பொறியாளர், மரங்களைப் பற்றி எழுதுகிறவர், ஓவியர் என்று பல வகை. 1972-இல் ஜோசப் ஜார்ஜ் முன்னின்று தொடங்கிய பெங்களூர்ப் பறவை பார்ப்போர் சங்கம் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை லால்பாக் பூங்காவில் கூடும் வழக்கத்தை ஏற்படுத்தியது. தொலைநோக்கி இல்லாதவரும் வரலாம். பக்கத்தில் நிற்பவர் தம்முடையதைக் கொடுப்பார். மாம்பழச்சிட்டும் செண்பகமும் எந்தக் கிளையில் என்று விரல் நீட்டிக் காட்டுவார். இந்த ஊரின் பிற்கால நடைகளுக்கெல்லாம் முன்மாதிரி அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது: தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுவது, கண்டதைக் குறித்துவைப்பது, அடுத்த மாதம் அதே இடத்துக்குத் திரும்பி வருவது.

லால்பாகில் நடை பெரும்பாலும் பாறையில் தொடங்கும். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைமேல் மாலையில் காற்று வாங்க ஏறுகிறவர்கள் ஏராளம். காலடியில் இருப்பதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்பது வழிகாட்டி குனிந்து தொடச் சொல்லும்போதுதான் உறைக்கிறது. வெளிர்நிறப் பட்டையும் கரும்பட்டையும் அடுத்தடுத்து ஓடுகின்றன. சில இடங்களில் நேராக, சில இடங்களில் மடிந்து நெளிந்து, கரண்டியால் மாவைக் கலக்கிப் பாதியில் விட்டதுபோல. வெளிர்ப்பட்டையில் படிகக்கல்லும் களிக்கல்லும், கரும்பட்டையில் மைக்கா. கல் ஒரு காலத்தில் பூமிக்கடியில் வெந்து இளகியிருந்ததன் தடயம் அந்த நெளிவு. மைசூர் சமஸ்தானப் புவியியல் துறையின் ஸ்மீத் 1916-இல் இந்த வகைப் பாறைக்குத் தீபகற்ப நைஸ் என்று பெயரிட்டார். தென்னிந்தியாவின் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது. சேலத்திலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர்கள் வீட்டுக் கிணற்றின் அடியிலும் இதன் உறவுக்காரக் கல் கிடக்கக்கூடும்.

பாறையிலிருந்து இறங்கினால் மரங்கள். ஹைதர் அலி 1760-இல் போட்ட தோட்டம். திப்பு அதை விரித்தார். ஆங்கிலேயர் கைக்குப் போய்த் தாவரவியல் பூங்காவானது. இன்றைக்கு 240 ஏக்கர். 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல வழிகாட்டி அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. பெரிய இலவ மரத்தின் அடிக்குக் கூட்டிப்போவார். வேர்கள் பலகை பலகையாகத் தரைக்குமேல் எழுந்து நிற்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு குழந்தை மறைந்து நிற்கலாம். ஆழமில்லாத மண்ணில் இவ்வளவு உயரம் நிற்பதற்கு மரம் தானே கட்டிக்கொண்ட முட்டு அது. அதைத் தட்டிப் பார்த்தவர்கள் பிறகு எந்த இலவ மரத்தையும் வெறுமனே கடந்து போகமாட்டார்கள்.

பெங்களூரின் மரங்களில் பெரும்பாலானவை வெளியூரிலிருந்து வந்தவை என்பது இந்த நடைகளில் தவறாமல் வரும் செய்தி. தூங்குமூஞ்சி மரமும் ஜக்கராண்டாவும் டபெபூயாவும் தென், நடு அமெரிக்காவிலிருந்து வந்தவை. குல்மோகருக்கு மடகாஸ்கர் சொந்த ஊர். தமிழ்நாட்டுச் சந்தைகளில் பெங்களூர் கத்தரிக்காய் என்று விற்கும் சௌசௌகூட, ஜான் கேமரன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இந்தத் தோட்டத்துக்கு வந்து இங்கிருந்து பரவியதுதான். 1908-இல் லால்பாகுக்கு வந்த ஜெர்மானியர் கிரம்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி தெருக்களுக்கு மரம் தேர்ந்தார். அவர் 1956-இல் இந்த ஊரிலேயே இறந்து ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் 15 லட்சம் கன்றுகள் நடப்பட்டன. ஆகவே தைப் பனியில் இளஞ்சிவப்பாகவும், மாசி பங்குனியில் மஞ்சளாகவும் ஊதாவாகவும், சித்திரையில் சிவப்பாகவும் தெருக்கள் மாறுவது தானாக நடக்கும் காரியம் இல்லை. பெயர் தெரிந்த சிலரும் பெயர் தெரியாத பல்லாயிரம் கூலியாட்களும் திட்டம் போட்டு, குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வளர்த்தது. இந்த ஊரின் இயற்கை என்று எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு மனிதக் கை இருக்கிறது. அந்தக் கையை அடையாளம் காட்டுவதுதான் பெங்களூர் வழிகாட்டியின் தனி வேலை.

லால்பாகில் அந்தக் கை பெரிதும் திகளர்களுடையது. தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் தோட்டக்காரச் சமூகம் அது. அந்த மரபிலிருந்து வந்தவர் ஓவியரும் கலை வரலாற்றாளருமான சுரேஷ் ஜெயராம். 'ஒன் சாந்தி ரோடு' என்ற கலைக்கூடத்தை நிறுவியவர், லால்பாகைப் பற்றி ஒரு நூலும் எழுதியிருக்கிறார், நடைகளும் நடத்துகிறார். விஜய் திருவடியும் பல ஆண்டுகள் லால்பாகில் மரநடை நடத்தி, பெங்களூரின் பாரம்பரிய மரங்களைப் பற்றி எழுதியவர். இவர்கள் போன்றவர்களின் பேச்சில் தாவரவியல் பெயரோடு நின்றுவிடாமல் கீரைப்பாத்தியும் பூச்சந்தையும் குலதெய்வமும் சேர்ந்தே வந்துவிடும்.

திகளர்களின் பெருவிழா கரகம். சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து, திரௌபதியின் கோலத்தில், தலையில் மல்லிகை மூடிய கரகத்தோடு பூசாரி கிளம்புவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். காட்டன்பேட்டையில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் கரகம் போகும். வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி பழகிய காட்சி. பழகாத பாதி தண்ணீரைப் பற்றியது. கரகச் சடங்குகளுக்கு உரிய நீர்நிலைகளில் ஒன்று சம்பங்கி ஏரி. அது இருந்த இடத்தில் இப்போது கண்டீரவா விளையாட்டரங்கம். ஏரியைத் தூர்த்தவர்களால் சடங்கைத் தூர்க்க முடியவில்லை. அங்கே ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். பூசாரிகள் இன்றும் அங்கே வருகிறார்கள். ஏரி எங்கே இருந்தது என்பதற்கு அந்தக் குளமும் அந்தச் சடங்கும் உயிருள்ள சாட்சி. சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் அவரோடு சேர்ந்தவர்களும் சம்பங்கி ஏரியின் கதையை ஆவணங்களிலிருந்து மீட்டு எழுதியிருக்கிறார்கள்.

இப்படி மூடப்பட்ட ஏரிகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. வழிகாட்டி மெஜஸ்டிக்கில் நின்று நிலத்தின் சரிவைக் காட்டுவார். சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் ஏன் இந்தப் பக்கமாகவே இறங்குகின்றன, மழை பெய்தால் தண்ணீர் ஏன் இங்கேயே வந்து நிற்கிறது என்று கேட்பார். பதில் கேள்வியிலேயே இருக்கும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. மழைநீரைத் தேக்க மேட்டின் சரிவுகளில் அடுக்கடுக்காக ஏரி வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் ராஜகாலுவே என்னும் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும். ஒவ்வொரு ஏரிக்கும் மதகு திறந்து நீர் பகிர ஒரு நீருகண்டி இருந்தார். நம் ஊர் நீர்க்கட்டிக்கு உடன்பிறப்பு. தொலைவிலிருந்து குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியபிறகு அந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக மனையாகவும் மைதானமாகவும் சாக்கடையாகவும் போயின. 1974 முதல் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்த ஊருக்கு வருகிறது.

தமிழ் வாசகர் இந்த மேட்டின் இரு சரிவுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்குச் சரிவின் விருஷபாவதி, அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் விழுந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும், கிருஷ்ணகிரிக்கும், சாத்தனூருக்கும், திருக்கோவிலூருக்கும், கடைசியில் கடலூருக்கும் வருகிறது. பெல்லந்தூர் ஏரி 2017-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்த செய்தியை நாம் வேறு மாநிலத்துச் சங்கதியாகப் படித்தோம். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது அது நம் சங்கதியாகிறது. இரண்டும் ஒரே தண்ணீர்.

கற்களிலும் இந்த உறவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பெட்டியும் பையுமாக நிற்கும் கூட்டத்தைத் தெரியாத தமிழர் பெங்களூரில் இல்லை. சேலம், மதுரை, நெல்லை, கோவை என்று பேருந்துக்குப் பேருந்து குரல் கொடுப்பார்கள். அந்தச் சாலைக்கு அருகிலேயே மடிவாளா சோமேசுவரர் கோயில். அதன் வெளிச்சுவரில் தமிழிலும் கிரந்தத்திலும் கல்வெட்டுகள். அவற்றில் பழையது 1247-ஆம் ஆண்டுக்குரியது: வேப்பூர்க்காரர் ஒருவர், வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழேயுள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி. வேப்பூர் இன்றைய பேகூர். கெம்பேகவுடா 1537-இல் கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முன்பே வெங்களூர் என்ற ஊரும் அதற்கொரு பெரிய ஏரியும் இருந்ததைத் தமிழ் எழுத்தில் சொல்லும் சுவர் அது. தாமரைக்கரை என்ற இடமும் இந்தக் கல்வெட்டுகளில் வருகிறது. பக்கத்திலிருக்கும் தாவரகெரே அதுதான். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைக் குறித்திருக்கிறது. எந்த அரசனின் பெருமையும் பேசாத செய்தி. ஒரு குடிமகனின் இரண்டு கதவுநிலைத் தூண்கள், எழுநூற்றைம்பது ஆண்டாகக் கணக்கில் இருக்கின்றன.

இதைப் பார்த்துவிட்டு ஊர் எங்களுடையது என்று நெஞ்சு நிமிர்த்தத் தோன்றுகிறவர்களைப் பேகூருக்குக் கூட்டிப்போவது நல்ல வழிகாட்டியின் கடமை. அங்கே நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ 890-ஆம் ஆண்டுக் கங்கர் காலக் கல்வெட்டு பெங்களூரில் நடந்த சண்டையைப் பழங்கன்னடத்தில் சொல்கிறது. ஹெப்பாளில் 2018-இல் வெளிப்பட்ட கிட்டய்யா நடுகல் அதற்கும் மூத்தது. ஏறத்தாழ 750-ஆம் ஆண்டினது. ஊரைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனின் கல். கன்னடமும் தமிழும் இந்த மண்ணில் பக்கத்துப் பக்கத்துச் சுவர்களில் எழுதப்பட்டவை. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் துணி போர்த்தி நின்று 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டதும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் நினைவிருப்பவர்களுக்கு, இந்தப் பழைய அக்கம்பக்கம் எவ்வளவு ஆறுதலான செய்தி என்பது புரியும்.

இந்தக் கற்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை 1905-இல் எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியாகக் கொண்டுவந்தார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக, சந்து சந்தாகத் தேடியவர் பி. எல். உதயகுமார். படிப்பால் பொறியாளர். பல கற்கள் அடையாளமே இல்லாமல் போயிருந்தன. சில துணி துவைக்கும் கல்லாக, சில சாக்கடை மூடியாக, சில சாலைக்கடியில். 2021 முதல், 1909-இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டியில், எஞ்சியவற்றை முப்பரிமாண வருடி கொண்டு எழுத்து எழுத்தாகப் பதிவுசெய்யும் பணி நடக்கிறது. மழுங்கிய எழுத்துகளைக்கூடக் கணினித் திரையில் வெளிச்சத்தைச் சாய்த்துப் படிக்க முடிகிறது. கல் கிடக்கும் தெருவில் வசிப்பவர்களுக்கு அதன் செய்தியைப் படித்துச் சொல்வதுதான் கல்லுக்குச் சிறந்த காவல். தாத்தா காலத்திலிருந்து மஞ்சள் பூசிக் கும்பிட்ட கல் ஓர் ஏரியை வெட்டிய கதையைச் சொல்கிறது என்று தெரிந்தபின் அதைப் பெயர்த்தெடுக்க அந்தத் தெரு இடம் கொடுக்காது.

இரவிலும் நடை உண்டு. காபேரி கர் குப்தா 2014-இல் தொடங்கிய நகரத் தேவாங்குத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இந்திய அறிவியல் கழக வளாகம் போன்ற மரம் அடர்ந்த இடங்களில் இருட்டியபின் தேடுவார்கள். விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெள்ளை வெளிச்சம் அந்தப் பெரிய கண்களுக்கு ஆகாது. யாரும் பேசக் கூடாது. கிளைகளுக்குள் சிவப்பாக இரண்டு புள்ளிகள் ஒளிரும், நகரும், மறுபடி நிற்கும். தேவாங்கு தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்கு எட்டிப் பிடிக்கும். இரண்டு மரங்களின் கிளைகள் தொட்டுக்கொள்ளும் வரைதான் அதன் உலகம். நடுவில் ஒரு கிளையை வெட்டினால் அது தரையில் இறங்க வேண்டும், நாயிடம் மாட்ட வேண்டும். அல்லது மின்கம்பியைப் பிடிக்க வேண்டும். ஒருமுறை இதைப் பார்த்தவருக்கு, மரம் வெட்டாமல் கிளை மட்டும்தானே வெட்டுகிறோம் என்ற வாதம் செல்லாது. தமிழ்நாடு 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது. அதே உயிர் இங்கே ஒரு பெருநகரத்தின் நடுவில் கிளை பிடித்துப் பிழைத்துக் கிடக்கிறது.

காட்டுவதால் என்ன நடந்துவிடும் என்ற கேள்விக்குப் பெங்களூரிடம் சில பதில்கள் உண்டு. நெரளு என்ற மரத் திருவிழா 2014-இல் தொடங்கி, மரநடைகளையும் மரக்கதைகளையும் பொதுமக்களிடம் கொண்டுபோனது. 2016 அக்டோபர் 16 அன்று, பசவேசுவர சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை திட்டமிட்ட எஃகு மேம்பாலத்துக்காக 812 மரங்களை வெட்டக் கூடாது என்று ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஜே.பி. நகரில் வற்றிக்கொண்டிருந்த புட்டேனஹள்ளி ஏரிக்காக அக்கம்பக்கத்தார் 2010-இல் அறக்கட்டளை அமைத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் எழுத்தாளர் உஷா ராஜகோபாலன். பாரதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு ஏரியைப் பராமரிக்கத் தொடங்கிய முதல் குடிமக்கள் அமைப்புகளில் அது ஒன்று. டொராண்டோவில் 2007-இல் ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாகத் தொடங்கிய நடைகளும், 2004 முதல் சென்னையில் மெட்ராஸ் தினத்தை ஒட்டி நடக்கும் நடைகளும் இதே நம்பிக்கையில்தான் நடக்கின்றன: குடியிருப்பவரே காட்டவும் பார்க்கவும் வேண்டும்.

ஒரு குறையைச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. பெங்களூரின் நடைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கன்னடத்தில் சில உண்டு. தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ அரிது. வாரவிடுமுறை உள்ளவர்கள், கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் வருகிறார்கள். ஏரிக்கரையில் புல் அறுத்துக் கறவை மாடு வளர்த்தவர், கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன் பூ எடை போடுகிறவர், மர்பி டவுனிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர், இவர்கள் அந்த வரிசையில் இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஏரி எந்த ஆண்டு கடைசியாக மறுகால் போனது, எந்த மரத்தடியில் பஞ்சாயத்து நடந்தது என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அவர்களைக் கேட்பவர்களாக இல்லாமல் காட்டுகிறவர்களாக அழைத்து வருவது அடுத்த வேலை.

தமிழில் நடை தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பாதை தயாராக இருக்கிறது. காலையில் அல்சூர் ஏரிக்கரையில், வள்ளுவர் சிலையடியில் கூடலாம். அங்கிருந்து தொம்மலூர்ச் சொக்கநாதர், மடிவாளாச் சோமேசுவரர். கல்வெட்டை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒருவர், அதே காலத்துக் கன்னடக் கல்வெட்டைச் சொல்ல இன்னொருவர். பிறகு அல்சூரின் உபரித்தண்ணீர் போகும் வழியே பெல்லந்தூர், வர்த்தூர். மறுநாள் வண்டி வைத்துக்கொண்டு தென்பெண்ணையைப் பிடித்துக் கெலவரப்பள்ளி. அந்த அணைத்தண்ணீரில் பயிர் செய்கிறவர்கள் ஓசூர்ப் பக்கம் இருக்கிறார்கள். நுரையைப் பற்றி அவர்கள் பேச, பெங்களூர்க்காரர்கள் கேட்க வேண்டும். அடுத்த மாதம் அவர்கள் மேலே வந்து, தங்கள் தண்ணீர் கிளம்பும் இடத்தைப் பார்க்க வேண்டும்.